ஆஃபர் லெட்டரில் எது பணம், எது வாக்குறுதி? – வாசகர் கேள்வி பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மென்பொருள் நிறுவனங்களில் பணிபுரிவோரும், அங்கே சேர ஆயத்தமாகிக்கொண்டிருப்போரும் எழுதியவை. ஊதியத்தைப் பற்றி நண்பர்களிடம் பேசக் கூச்சம், வீட்டில் பேசினால் விவாதம், எச்.ஆரிடம் கேட்டால் நிறுவனத்தின் தரப்பு மட்டுமே கிடைக்கும் என்று ஒருவர் எழுதியிருந்தார். அது உண்மைதான் என்பதால் இந்த இதழின் பக்கங்களை முழுவதுமாக இதற்கே ஒதுக்கிவிட்டோம். எழுதியவர்களின் பெயரும் நிறுவனங்களின் பெயரும் நீக்கப்பட்டுள்ளன. தொகைகள் எங்கும் பொருந்த வேண்டும் என்பதற்காக, ஒப்பிடும் இடங்களில் ஊதியத்தை 100 என்ற அளவுக்கு மாற்றி எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு ஆறு ஆண்டு அனுபவம். இரண்டு நிறுவனங்களிடமிருந்து ஆஃபர் வந்திருக்கிறது. முதல் நிறுவனத்தின் சிடிசி 100 என்றால், இரண்டாவது நிறுவனத்தின் சிடிசி 88 மட்டுமே. நேர்முகத் தேர்வில் பேசியவர்களையும் வேலையின் தன்மையையும் வைத்துப் பார்த்தால் எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. ஆனால் கண் முன்னால் கிடைக்கும் 12 சதவீதத்தை வேண்டாம் என்று சொல்வது அறிவுடைமையா என்ற தயக்கம் இருக்கிறது. இரண்டின் சம்பளப் பிரிப்பையும் இணைத்திருக்கிறேன். – ஒரு வாசகி

பதில்: நீங்கள் அனுப்பிய இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். தாளின் கடைசி வரியில் தடித்த எழுத்தில் இருக்கும் எண்ணை மட்டும் நீங்கள் ஒப்பிட்டிருக்கிறீர்கள். சிடிசி என்பது உங்கள் பொருட்டு நிறுவனத்துக்கு ஓராண்டில் ஆகக்கூடிய மொத்தச் செலவின் மதிப்பீடு. அது உங்கள் கைக்கு வரும் தொகை அன்று, சில வரிகளைப் பொறுத்தவரை வந்தே தீரும் தொகையும் அன்று.

முதல் நிறுவனத்தின் 100, இப்படிப் பிரிகிறது: நிலையான ஊதியம் 62, வேரியபிள் பே 15, ஒரே ஒரு முறை தரப்படும் ஜாயினிங் போனஸ் 10, ஓய்வுக்கால நிதிக்கு நிறுவனத்தின் பங்கு 5, பணிக்கொடைக்கான ஒதுக்கீடு 5, காப்பீடு, போக்குவரத்து முதலியவற்றுக்கு 3. இரண்டாவது நிறுவனத்தின் 88-இல் நிலையான ஊதியம் 76, வேரியபிள் 5, ஓய்வுக்கால நிதி 5, காப்பீடு 2. மாதா மாதம் தவறாமல் வரும் பணத்தைப் பொறுத்தவரை, குறைவாகத் தருவதாக நீங்கள் நினைக்கும் நிறுவனமே 14 புள்ளிகள் கூடுதலாகத் தருகிறது.

வேரியபிள் பே என்ற வரியில்தான் அதிகம் நிதானிக்க வேண்டும். 'உங்கள் செயல்திறனைப் பொறுத்தது' என்று சொல்வார்கள். ஆனால் பெரும்பாலான இடங்களில் அது நிறுவனத்தின் ஆண்டு இலக்கு, உங்கள் பிரிவின் இலக்கு, உங்கள் மதிப்பெண் என்ற மூன்றையும் பெருக்கி வருவது. மூன்றில் இரண்டு உங்கள் கையில் இல்லை. போதாக்குறைக்கு, தொகை வழங்கப்படும் நாளில் நீங்கள் பணியில் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கும். பதினோரு மாதம் உழைத்துவிட்டு அதற்கு முந்தைய வாரம் விலகினால் ஒன்றும் கிடைக்காமல் போகலாம். ஆகவே, கடந்த மூன்று ஆண்டுகளில் இந்தப் பதவி நிலையில் இருந்தவர்களுக்குச் சராசரியாக எத்தனை சதவீதம் வழங்கப்பட்டது என்று இரு நிறுவனங்களின் எச்.ஆரிடமும் கேளுங்கள். நன்றாக வழங்கியவர்கள் உடனே எண்ணைச் சொல்லிவிடுவார்கள்.

அறுபது சதவீதம்தான் வரும் என்று கொஞ்சம் கஞ்சத்தனமாகவே வைத்துக் கணக்கிடுவோம். முதலாண்டில் முதல் நிறுவனம் உங்களுக்குப் பணமாகத் தருவது 62, 9, 10 ஆகியவற்றைச் சேர்த்து 81. இரண்டாவது நிறுவனம் தருவது 76, 3 ஆகியவை சேர்ந்து 79. வித்தியாசம் 2. இரண்டாம் ஆண்டில் ஜாயினிங் போனஸ் மறைந்துவிடும். அப்போது ஊதிய உயர்வைக் கணக்கில் கொள்ளாவிட்டாலும் 71-க்கு 79 என்று நிலைமை தலைகீழாகிவிடுகிறது. உயர்வைக் கணக்கில் கொண்டால் இடைவெளி இன்னும் விரியும். ஏனெனில் ஆண்டு உயர்வுச் சதவீதம் பெரும்பாலும் நிலையான ஊதியத்தின் மீதே போடப்படும். 8 சதவீத உயர்வு என்பது 62-இல் ஏறக்குறைய 5, 76-இல் 6-க்கும் மேல்.

பணிக்கொடை பற்றி ஒரு வார்த்தை. அது பொதுவாகக் குறிப்பிட்ட ஆண்டுகள் தொடர்ந்து பணிபுரிந்தவர்களுக்கே உரியது. முதல் நிறுவனம் அதைச் சிடிசியில் காட்டியிருக்கிறது, இரண்டாவது நிறுவனம் காட்டவில்லை. காட்டவில்லை என்பதால் தரமாட்டார்கள் என்று பொருளன்று, சட்டம் கட்டாயமாக்கியிருக்கும் இடத்தில் தந்தே ஆக வேண்டும். சிலர் தாளை நீளமாக்குவதற்காகச் சேர்ப்பார்கள், சிலர் சேர்க்க மாட்டார்கள், அவ்வளவே. உங்கள் கேள்விக்கு நேரான பதில்: நீங்கள் 12 சதவீதத்தை விட்டுக்கொடுக்கவில்லை. பிடித்த இடத்தில் சேரலாம்.

கேள்வி: நாற்பது பேர் பணிபுரியும் ஒரு புதிய நிறுவனம் என்னை அழைக்கிறது. வெளியில் எனக்குக் கிடைக்கக்கூடிய ஊதியத்தைவிட 20 சதவீதம் குறைவாகத் தருவார்கள். ஈடாக 10,000 ஈசாப் (ஊழியர்களுக்கான பங்கு வாங்கும் உரிமை) தருவதாகச் சொல்கிறார்கள். இன்றைய மதிப்பீட்டிலேயே அது என் ஆண்டு ஊதியத்தைப் போல மூன்று மடங்கு என்றும், நிறுவனம் வளர்ந்தால் அதற்கு எல்லையே இல்லை என்றும் நிறுவனர் என்னிடம் நேரில் விளக்கினார். நம்பலாமா? – நான்கு ஆண்டு அனுபவமுள்ள வாசகர்

பதில்: நிறுவனர் பொய் சொல்லியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. அவர் தம் நிறுவனத்தை நம்பித்தான் பேசியிருப்பார். ஆனால் 10,000 என்ற எண்ணுக்கு அதனளவில் பொருள் எதுவுமில்லை. மொத்தப் பங்குகள் 20 லட்சம் என்றால் உங்களுடையது அரை சதவீதம். 2 கோடி என்றால் 0.05 சதவீதம். எல்லா ஈசாப்களும் பங்குகளாக மாறினால் எத்தனை பங்குகள் இருக்கும் என்ற அந்த மொத்த எண்ணை முதலில் கேளுங்கள். அதைச் சொல்ல மறுக்கும் நிறுவனத்திடம் மேற்கொண்டு பங்கு பற்றிப் பேசிப் பயனில்லை.

அடுத்து, ஈசாப் என்பது பங்கு அன்று. குறிப்பிட்ட விலைக்குப் பங்கை வாங்கிக்கொள்ளும் உரிமை மட்டுமே. அந்த விலையை ஸ்ட்ரைக் பிரைஸ் என்பார்கள். உங்களுக்கு லாபமாவது, பங்கு விற்கும்போதுள்ள விலைக்கும் இந்த விலைக்கும் இடையிலான வித்தியாசம்தான். மூன்று மடங்கு என்ற கணக்கில் ஸ்ட்ரைக் பிரைஸ் கழிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சந்தை விலை ஸ்ட்ரைக் பிரைஸுக்குக் கீழே போய்விட்டால் உரிமை வெறும் தாள். இது சிறிய நிறுவனங்களுக்கு மட்டும் நேர்வதன்று. 2000-க்குப் பிறகு தன் பங்கு விலை சரிந்து பல ஊழியர்களின் ஆப்ஷன்கள் (இதே வகையான பங்கு வாங்கும் உரிமைகள்) பயனற்றுப்போன நிலையில், மைக்ரோசாஃப்ட் 2003-இல் ஆப்ஷன் தருவதை நிறுத்திவிட்டுப் பங்குகளையே தரும் முறைக்கு மாறியது. 2009-இன் தொடக்கத்தில் கூகுள், விலை சரிந்த ஆப்ஷன்களைப் புதியவற்றுக்கு மாற்றிக்கொள்ள ஊழியர்களை அனுமதித்தது. உங்கள் நாற்பது பேர் நிறுவனம் அப்படி மாற்றித் தருமா என்பது வேறு கேள்வி.

மூன்றாவதாக, 'இன்றைய மதிப்பீடு' என்பது கடைசியாகப் பணம் போட்ட முதலீட்டாளர் தம் பங்குக்குக் கொடுத்த விலையை வைத்துப் பெருக்கியது. அவருடைய பங்கும் உங்களுடையதும் ஒரே வகை அன்று. நிறுவனம் விற்கப்பட்டால் போட்ட பணத்தை முதலில் எடுத்துக்கொள்ளும் உரிமை பொதுவாக அவருக்கு உண்டு. ஓர் எடுத்துக்காட்டு: முதலீட்டாளர்கள் 60 கோடி போட்டு 40 சதவீதம் வைத்திருக்கிறார்கள், நிறுவனம் 80 கோடிக்கு விற்கப்படுகிறது. உங்களிடம் அரை சதவீதம் இருந்தால் 40 லட்சம் என்று மனம் கணக்குப் போடும். ஆனால் முதலீட்டாளர்கள் 40 சதவீதமான 32 கோடிக்குப் பதிலாகத் தாங்கள் போட்ட 60 கோடியையே எடுத்துக்கொள்வார்கள். மீதி 20 கோடியை மற்ற 60 சதவீதத்தினர் பங்கிட்டுக்கொண்டால் உங்களுக்கு வருவது 17 லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. அதிலிருந்து ஸ்ட்ரைக் பிரைஸும் வரியும் கழியும். இடையில் புதிய முதலீட்டுச் சுற்றுகள் வந்தால் உங்கள் சதவீதமே சுருங்கும். ஒவ்வொரு சுற்றிலும் நிறுவனத்தின் 20 சதவீதம் புது முதலீட்டாளர்களுக்குப் போனால், இரண்டு சுற்றுகளுக்குப் பின் உங்கள் 0.5 என்பது 0.32 ஆகியிருக்கும்.

நான்காவது விஷயத்தைப் பலர் விலகும் நாளில்தான் தெரிந்துகொள்கிறார்கள். வழக்கமான ஏற்பாட்டில் நான்கு ஆண்டுகளில் படிப்படியாக உரிமை சேரும். முதல் ஓராண்டு முடியும்வரை ஒன்றுமே சேராது. பதினோராம் மாதத்தில் ஆட்குறைப்பு நடந்தால் உங்களுக்குப் பூஜ்யம். சேர்ந்த உரிமையையும் விலகிய பின் 90 நாளுக்குள் பணம் கட்டி வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது மிகப் பரவலான நிபந்தனை. சந்தையில் விற்க முடியாத ஒரு பங்குக்காக, வேலையும் இல்லாத நேரத்தில், கையிலிருந்து பெருந்தொகை கட்டுவதா விட்டுவிடுவதா என்ற முடிவை மூன்றே மாதத்தில் எடுக்க வேண்டிவரும். பின்டரெஸ்ட் 2015-இல் இந்தக் கெடுவை ஏழாண்டுகளாக நீட்டியது. அதன் பின் வேறு சில நிறுவனங்களும் நீட்டின. உங்கள் நிறுவனரிடம் இதைக் கேளுங்கள். அவருக்குச் செலவு குறைவு, உங்களுக்குப் பயன் அதிகம் என்பதால், எண்ணிக்கையைக் கூட்டக் கேட்பதைவிடக் கெடுவை நீட்டக் கேட்பது எளிதில் பலிக்கும்.

வரி விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபடும். ஆனால் விற்பதற்கு முன்பே, உரிமையைப் பங்காக மாற்றும் நாளிலேயே, தாளில் தெரியும் லாபத்துக்கு வரி கேட்கும் நாடுகள் உண்டு. 2000-இல் அமெரிக்காவில் இணைய நிறுவனங்களின் பங்குகள் சரிந்தபோது, மாற்றிய பங்கின் விலை ஒன்றுமில்லாமல் போன பிறகும் பழைய விலைக்கான வரியைக் கட்ட வேண்டியவர்களாகப் பல ஊழியர்கள் நின்றார்கள்.

சரி, சேரலாமா? ஈசாப்பின் மதிப்பைப் பூஜ்யம் என்று எழுதிவிட்டு மீதியைப் பாருங்கள். ஆண்டுக்கு 20 சதவீதம் என்றால் நான்கு ஆண்டுகளில் நீங்கள் விட்டுக்கொடுப்பது ஏறக்குறைய ஓராண்டு ஊதியத்தில் 80 சதவீதம். அந்தத் தொகை இன்று உங்கள் வங்கிக் கணக்கில் இருந்து, அதை அப்படியே எடுத்து இந்த ஒரே நிறுவனத்தில் முதலீடு செய்யுங்கள் என்று ஒருவர் கேட்டால் செய்வீர்களா? அங்கே கற்றுக்கொள்ளக்கூடியதும் உங்களுக்குக் கிடைக்கும் பொறுப்பும் அந்தத் தொகைக்கு ஈடு என்று தோன்றினால் சேருங்கள். பலர் அப்படிச் சேர்ந்து, பங்கில் ஒரு காசும் பார்க்காமல், ஆனால் வேலையில் நன்றாக வளர்ந்து வெளியே வந்திருக்கிறார்கள்.

கேள்வி: நான் பணிபுரியும் பெரிய நிறுவனம் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. ஆண்டுதோறும் எனக்கு ஆர்.எஸ்.யூ. (படிப்படியாகக் கைக்கு வரும் நிறுவனப் பங்குகள்) வழங்குகிறார்கள். இதுவரை ஒன்றைக்கூட விற்றதில்லை. என் சேமிப்பில் முக்கால் பங்கு அதுதான். நல்ல நிறுவனம் என்பதால் வைத்திருப்பதில் தவறில்லையே? – ஒரு வாசகர்

பதில்: நிறுவனம் நல்லது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் உங்கள் மாத ஊதியம், காப்பீடு, பதவி உயர்வு எல்லாம் ஏற்கெனவே அதனைச் சார்ந்தே இருக்கின்றன. அதற்கு ஒரு கெட்ட காலம் வந்தால் பங்கு விலை சரிவதும் ஆட்குறைப்பு வருவதும் ஒரே மாதத்தில் நடக்கும். 2001-இல் அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரான் வீழ்ந்தபோது, ஓய்வுக்காலச் சேமிப்பின் பெரும்பகுதியை அதன் பங்கிலேயே வைத்திருந்த ஊழியர்கள் வேலையையும் சேமிப்பையும் சேர்த்தே இழந்தார்கள். அது மென்பொருள் நிறுவனம் அன்று. ஆனாலும் இந்த விஷயத்தில் எல்லா நிறுவனமும் ஒன்றுதான்.

உங்களிடமே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். இந்த ஆண்டு பங்குக்குப் பதிலாக அதே தொகையைப் போனஸாகக் கொடுத்திருந்தால், அதை எடுத்துக்கொண்டு போய் இந்தப் பங்கை வாங்கியிருப்பீர்களா? மாட்டேன் என்றால், விற்காமல் வைத்திருப்பதும் அநேகமாக வாங்கியதற்குச் சமம்தான். ஆர்.எஸ்.யூ. கைக்கு வரும் நாளிலேயே பல நாடுகளில் அது ஊதியமாகக் கருதப்பட்டு வரி கழிக்கப்பட்டுவிடுவதால், உடனே விற்பதற்குப் புதிதாகப் பெரிய வரிச்சுமை எதுவும் வராது. முழுவதையும் ஒரே நாளில் விற்க வேண்டியதில்லை. இனி வருபவற்றை வந்தவுடன் விற்பது, பழையவற்றைக் காலாண்டுக்கு ஒரு பகுதியாகக் குறைப்பது என்று வைத்துக்கொள்ளலாம். நிதிநிலை முடிவுகள் வெளிவருவதற்கு முந்தைய வாரங்களில் ஊழியர்கள் பங்கு விற்கத் தடை இருக்கும். அந்தத் தேதிகளை முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள்.

இதே போன்ற ஆஃபர் கிடைத்துச் சேரவிருப்போருக்கு ஒரு குறிப்பு: நான்கு ஆண்டுப் பங்குத் தொகையை நான்கால் வகுத்து ஆண்டு ஊதியத்துடன் கூட்டிவிடாதீர்கள். எந்த ஆண்டில் எவ்வளவு என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அமேசான் நெடுங்காலம் கடைப்பிடித்த முறையில் முதலாண்டு 5 சதவீதம், இரண்டாம் ஆண்டு 15, பின்னர் இரு ஆண்டுகளில் தலா 40 என்று பின்பக்கம் கனமாக இருந்தது. இரண்டே ஆண்டில் விலகுபவருக்கு ஐந்தில் ஒரு பங்குதான் கிடைக்கும்.

கேள்வி: ஜாயினிங் போனஸ் வாங்கிச் சேர்ந்து எட்டு மாதமாகிறது. ஓராண்டு முடிவதற்குள் விலகுவதால் முழுவதையும் திருப்பிக் கட்டச் சொல்கிறார்கள். வரி போகத்தானே என் கைக்கு வந்தது?

பதில்: நீங்கள் கையெழுத்திட்ட கடிதத்தில் 'மொத்தத் தொகை' என்று இருந்தால் வரிக்கு முந்தைய தொகையையே கேட்பார்கள். கட்டிய வரியை அரசிடமிருந்து திரும்பப் பெறுவது உங்கள் பாடு. அதே வரி ஆண்டுக்குள் என்றால் ஓரளவு எளிது, ஆண்டு மாறிவிட்டால் தலைவலி. மீதமிருக்கும் நான்கு மாதத்தை ஓட்டிவிட முடியுமா என்று பாருங்கள். முடியாதென்றால், பணிபுரிந்த மாதங்களுக்கேற்பக் குறைத்து வசூலிக்கக் கேட்டு எழுதுங்கள். அல்லது அந்தத் தொகையை ஏற்றுக்கொள்ளப் புதிய நிறுவனத்திடம் கேளுங்கள், இது அன்றாடம் நடப்பதுதான். நான் முதன்முதலாகக் கையெழுத்திட்ட கடிதத்தில் இந்த நிபந்தனை ஏழாம் பக்கத்தில் இருந்தது. நான் மூன்றாம் பக்கத்திலேயே கையெழுத்தைப் போட்டுவிட்டு இனிப்பு வாங்கப் போய்விட்டேன்.

கேள்வி: நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில் என் பெற்றோரும் அடக்கம். தனியாக ஒரு மருத்துவக் காப்பீடு எடுப்பது வீண் செலவு என்று கணவர் சொல்கிறார். – ஒரு வாசகி

பதில்: குழுக் காப்பீட்டின் பெரிய நன்மை, ஏற்கெனவே உள்ள நோய்களுக்கும் முதல் நாளிலிருந்தே ஈடு கிடைப்பது. வயதான பெற்றோருக்குத் தனியாக எடுக்கப்போனால் மருத்துவப் பரிசோதனை, காத்திருப்புக் காலம், கூடுதல் பிரீமியம் என்று வரிசையாக வரும். எனவே இரண்டு ஆஃபர்களை ஒப்பிடும்போது இந்த வரிக்கு நிறுவனம் போட்டிருக்கும் தொகையைப் பார்க்காமல், அதே பாதுகாப்பை நீங்களே வெளியில் வாங்கினால் என்ன விலை என்று விசாரித்து அந்தத் தொகையை எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டைப் பொறுத்தவரை அது சிறிய எண்ணாக இருக்காது. இருபத்து மூன்று வயதுத் தனியாளுக்கு அதே வரியின் மதிப்பு மிகக் குறைவு.

ஆனால் அந்தப் பாதுகாப்பு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. கடைசி வேலை நாளோடு பொதுவாக முடிந்துவிடும். சில இடங்களில் சொந்தச் செலவில் சிறிது காலம் தொடரலாம். நிறுவனம் ஆண்டுதோறும் காப்பீட்டை மறுபேரம் பேசும்போது, பெற்றோருக்கான ஈட்டைக் குறைக்கவோ, செலவில் ஒரு பகுதியை உங்கள் தலையில் வைக்கவோ கூடும். ஆகவே உங்களுக்கும் கணவருக்கும் இளம் வயதிலேயே சிறிய அளவில் ஒரு தனிக் காப்பீடு எடுத்து வைப்பது வீண் அன்று. காத்திருப்புக் காலம், நீங்கள் நலமாக வேலையில் இருக்கும்போதே ஓடித் தீர்ந்துவிடும். அறைவாடகைக்கு வரம்பு உண்டா என்பதையும் குழுக் காப்பீட்டின் தாளில் பாருங்கள். வரம்பை மீறிய அறையில் சேர்ந்தால் அறைவாடகை மட்டுமல்லாமல் மொத்த பில்லிலும் விகிதப்படி வெட்டுவது உண்டு என்பது மருத்துவமனையில் நிற்கும்போது தெரியவர வேண்டிய செய்தியன்று.

கேள்வி: புதிய நிறுவனத்தில் விடுப்புக்கு எல்லையே இல்லை என்கிறார்கள். நல்ல சலுகைதானே?

பதில்: நெட்ஃபிளிக்ஸ் போன்ற நிறுவனங்களால் பிரபலமான முறை இது. எல்லை இல்லாத இடத்தில் இருப்பும் இல்லை. கணக்கில் சேராத விடுப்பை விலகும்போது பணமாக மாற்ற முடியாது. நிறுவனத்தின் ஏட்டில் அந்தக் கடன் பாக்கியே இருக்காது. நீங்கள் சேரப்போகும் குழுவில் சென்ற ஆண்டு ஒவ்வொருவரும் சராசரியாக எத்தனை நாள் எடுத்தார்கள் என்று மேலாளரிடமே கேளுங்கள். இருபத்தைந்து என்று சொன்னால் சலுகை. 'யாரும் எண்ணுவதில்லை' என்று சிரித்தால், யாரும் எடுப்பதில்லை.

கேள்வி: தற்போதைய வேலையில் வாரம் 45 மணி நேரம். புதிய இடத்தில் 20 சதவீதம் கூடுதல் ஊதியம், ஆனால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒரு வாரம் ஆன்-கால் பொறுப்பு (எந்நேரமும் கோளாறு அழைப்புக்குப் பதிலளிக்க ஆயத்தமாக இருப்பது) உண்டு. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டுமா? – ஒரு வாசகர்

பதில்: ஆன்-கால் என்ற சொல் எத்தனையோ விதமான வாழ்க்கையைக் குறிக்கும். ஒரு குழுவில் அந்த வாரம் முழுவதும் போன் மேசையில் கிடக்கும், அடிக்காது. இன்னொரு குழுவில் அதிகாலை 2.40-க்கு அடிக்கும், எழுந்து மடிக்கணினியைத் திறந்து வி.பி.என். இணைப்புக் கிடைப்பதற்குள் இரண்டாவது எச்சரிக்கை வந்திருக்கும். சர்வரின் வட்டு நிரம்பிவிட்டது, பழைய லாக் கோப்புகளை அழித்தால் போதும் என்று கண்டுபிடிக்கும்போது 3.15, மறுபடி தூக்கம் வரும்போது விடிந்திருக்கும். காலை 10 மணிக் கூட்டத்துக்கு நீங்கள் வழக்கம்போல வர வேண்டும். இதே வட்டு நான்கு வாரமாக நிரம்பிக்கொண்டிருக்கிறது, அதைச் சரிசெய்ய யாருக்கும் நேரம் ஒதுக்கப்படவில்லை என்பது பிறகு தெரியவரும். பிந்தைய வகைக் குழுவில் நான் ஓராண்டு இருந்தேன். அந்த ஆண்டில் பெற்ற ஊதியம் நினைவில்லை, அந்த எச்சரிக்கை ஒலி இன்னும் நினைவிருக்கிறது.

மணிக்கணக்கில் பார்த்துவிடுங்கள். இப்போது 100-ஐ 45-ஆல் வகுத்தால் 2.22. புதிய இடத்தில் ஆன்-காலையும் சேர்த்துச் சராசரியாக வாரம் 55 மணி நேரம் ஆகுமென்றால் 120-ஐ 55-ஆல் வகுக்க வருவது 2.18. இருபது சதவீத உயர்வு கிடைத்தும் ஒரு மணி நேர உழைப்பின் விலை குறைகிறது. பயண நேரம் கூடினால் அதையும் இதிலேயே சேருங்கள். 50 மணிக்குள் அடங்கும் என்றால் அது உண்மையான உயர்வுதான். அடங்குமா என்பதை அறிய, சென்ற மாதம் நள்ளிரவுக்குப் பின் எத்தனை எச்சரிக்கைகள் வந்தன, விழித்த இரவுக்கு மறுநாள் ஓய்வு உண்டா, தனிப்படி உண்டா என்று கேளுங்கள். நேர்முகத்தில் இதைக் கேட்டால் உழைக்கத் தயங்குபவர் என்று நினைப்பார்களோ என அஞ்ச வேண்டாம். பொறுப்பான பொறியாளர் கேட்கும் கேள்விகள்தான் இவை.

கேள்வி: ஒரே நிறுவனத்தில் ஐந்தாம் ஆண்டு. நான் பயிற்சி கொடுத்த புதியவருக்கு என்னைவிட அதிக ஊதியம் என்று தெரியவந்தது. உழைப்புக்கும் விசுவாசத்துக்கும் இதுதான் மதிப்பா? – மனம் வெதும்பிய வாசகர்

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் இதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாமல், இரண்டு வெவ்வேறு பட்ஜெட்டுகளின் விளைவு என்று பாருங்கள். புதியவரை எடுக்கும்போது சந்தை விலை கொடுத்தால்தான் வருவார். உள்ளே இருப்பவருக்கு, ஆண்டு உயர்வுக்கென்று ஒதுக்கிய தொகையைப் பங்கிட்டுத் தருகிறார்கள். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறி, உங்களுக்கு 4 சதவீதம் மட்டுமே உயர்ந்திருந்தால், நான்கு உயர்வுகளுக்குப் பின் உங்கள் ஊதியத்தின் வாங்கும் சக்தி ஏறக்குறைய 7 சதவீதம் குறைந்திருக்கும். கடிதத்தில் ஒவ்வோர் ஆண்டும் 'வாழ்த்துகள்' என்றுதான் இருந்திருக்கும்.

இந்தத் துறையில் ஊதியம் உயர்வதே பெரும்பாலும் ஆட்கள் இடம் மாறுவதால்தான் என்பதை நிறுவனங்கள் நன்கு அறியும். ஆப்பிள், கூகுள், இன்டெல், அடோபி, இன்ட்யூட், பிக்ஸார் ஆகியவை ஒன்றின் ஊழியரை மற்றொன்று வலியச் சென்று அழைப்பதில்லை என்று தங்களுக்குள் செய்துகொண்டிருந்த ஏற்பாடுகளைக் கைவிட, 2010-இல் அமெரிக்க நீதித்துறையுடனான சமரசத்தில் ஒப்புக்கொண்டன. அதே விவகாரத்தில் ஊழியர்கள் தொடுத்த வழக்கில், 32.45 கோடி டாலர் என்ற சமரசத் தொகையை மிகக் குறைவென்று 2014-இல் நீதிபதி ஏற்க மறுத்தார். அடுத்த ஆண்டு 41.5 கோடி டாலர் சமரசம் ஏற்கப்பட்டது. பக்கத்து நிறுவனத்திலிருந்து ஓர் அழைப்பு வருவதற்கு எவ்வளவு விலை உண்டு என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

எனவே, இன்னும் விலகும் எண்ணம் இல்லாவிட்டாலும் இரண்டு இடங்களில் நேர்முகத்துக்குப் போய் உங்கள் இன்றைய விலையைத் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு, அடுத்த ஆண்டுக்கான பட்ஜெட் முடிவாவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே மேலாளரிடம் பேசுங்கள். அப்ரைசல் அறையில் உட்கார்ந்து கேட்கும்போது தொகைகள் ஏற்கெனவே பங்கிடப்பட்டிருக்கும். மேலாளர் நல்லவராக இருந்தாலும் செய்வதற்கு ஒன்றுமிருக்காது. பேசும்போது புதியவரின் பெயரை இழுக்க வேண்டாம். 'என் பணிக்கு வெளியில் இந்த அளவு தருகிறார்கள். இந்த இடைவெளியை எப்போதைக்குள் சரிசெய்ய முடியும்?' என்பது போதும்.

ராஜினாமாக் கடிதம் கொடுத்த பிறகு நிறுவனம் தரும் கவுன்டர் ஆஃபரைப் பற்றி வேறு இருவரும் கேட்டிருக்கிறார்கள். விலகக் காரணம் பணம் மட்டுமே என்றால் ஏற்கலாம், எழுத்தில் வாங்கிக்கொண்டு. மேலாளரோ வேலையோ காரணம் என்றால், சில மாதத்தில் கூடிய ஊதியத்துடன் அதே மேலாளர் முன் அதே வேலையில் உட்கார்ந்திருப்பீர்கள்.

கேள்வி: நான் கேட்ட ஊதியத்தைத் தர முடியவில்லை என்றும், ஆனால் ஆறு மாதத்தில் மறுபரிசீலனை செய்து உயர்த்துவதாகவும் எச்.ஆர். தொலைபேசியில் உறுதி சொன்னார். ஆஃபர் லெட்டரில் அது இல்லை. எழுத்தில் கேட்டால் சந்தேகப்படுவதாக நினைத்து ஆஃபரையே திரும்பப் பெற்றுவிடுவார்களோ?

பதில்: அடக்கமாகக் கேட்ட ஒரு மின்னஞ்சலுக்காக ஆஃபரைத் திரும்பப் பெறும் நிறுவனம், ஆறு மாதத்தில் அந்த வாக்கைக் காப்பாற்றியிருக்கப்போவதில்லை. சொன்னவர் அதற்குள் வேறு நிறுவனத்துக்குப் போயிருக்கவும் கூடும், எச்.ஆர். பணியில் இருப்பவர்களும் நம்மைப் போலவே நல்ல ஆஃபர் வந்தால் மாறுகிறவர்கள்தாம். இன்றே, பேசியதை நினைவூட்டும் தொனியில் இப்படி எழுதுங்கள்:

"வணக்கம். இன்று தொலைபேசியில் விளக்கமாகப் பேசியதற்கு நன்றி. நான் சேர்ந்த நாளிலிருந்து ஆறு மாதம் நிறைவடையும்போது ஊதிய மறுபரிசீலனை நடைபெறும் என்றும், அது வழக்கமான ஆண்டு உயர்வுக்குப் புறம்பானது என்றும் தாங்கள் தெரிவித்ததாகப் புரிந்துகொண்டிருக்கிறேன். அந்த மறுபரிசீலனையில் எவற்றை வைத்து முடிவு செய்வீர்கள், எந்த அளவு வரை உயர்வு இருக்கலாம் என்பதையும் சேர்த்து, ஆஃபர் லெட்டரில் ஒரு வரியாகவோ இம்மின்னஞ்சலுக்குப் பதிலாகவோ உறுதிப்படுத்தித் தந்தால், கையெழுத்திட்டு அனுப்பிவிடுவேன்."

பதில் வந்ததும் அதன் பிரதி ஒன்றைச் சொந்த மின்னஞ்சலிலும் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் மாதத் தொடக்கத்தில் நாட்காட்டியில் ஒரு நினைவூட்டல் போட்டுவிடுங்கள், அவர்கள் போட்டிருக்க மாட்டார்கள்.